மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி காயப்போட சீலிங் ஹேங்கர் பொருத்தலாமா?

மூன்றாம் தளம் | ஆகஸ்ட் 24

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் நாங்கள் ஐந்து பேர் வசிக்கிறோம்: நான், கணவர், பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், 74 வயதான மாமியார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியும் சூரிய மின்தகடுகளும் இருப்பதால் அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். தெருப்பக்கத்துப் பால்கனியில் துணி தொங்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. வாஷிங் மெஷின் இருக்கும் பின்பக்கத்துச் சிறு பால்கனி நான்கடிக்கு ஆறடிதான். வெயில் நாட்களில் அங்கே கட்டிய இரண்டு கொடிகளை வைத்துச் சமாளித்துவிடுகிறோம்.

சிக்கல் ஐப்பசியில் தொடங்குகிறது. சென்ற ஆண்டு மழை விடாமல் பெய்த எட்டு நாட்களும் கூடத்தில் மடக்கு ஸ்டாண்டை விரித்துக் காயப்போட்டோம். பிள்ளைகளின் சீருடையைக் காலையில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே உலர்த்த வேண்டியிருந்தது. துண்டுகளில் ஏறிய மக்கிய வாடை இரண்டு முறை மீண்டும் துவைத்த பிறகும் போகவில்லை. தை மாதத்தில் பீரோவை நகர்த்தியபோது அதன் பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன.

இந்த ஆண்டு மழைக்கு முன்பே, பத்தடிக்குப் பதினோரடி உள்ள இரண்டாவது படுக்கையறையில், ஆறடி நீளத்தில் ஆறு குழாய்கள் கொண்ட, ஒவ்வொரு குழாயையும் அதன் கயிற்றை இழுத்து ஏற்றி இறக்கும் சீலிங் ஹேங்கரைப் பொருத்தலாம் என்று நினைக்கிறோம். ஈரத்துணியின் பாரத்தைத் தளம் தாங்குமா, மேலே ஏற்றிவிட்டால் துணி உண்மையிலேயே விரைவாகக் காயுமா, தோள்பட்டை வலி உள்ள மாமியாரால் அதை இயக்க முடியுமா, கரும்புள்ளி மறுபடியும் வருமா என்பவையே என் கேள்விகள். பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ரசமட்டம் | ஆகஸ்ட் 24

வணக்கம் சகோதரி. கட்டட வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கான்கிரீட் தளம் இந்தப் பாரத்தைத் தாராளமாகத் தாங்கும். ஐந்து கிலோ உலர்ந்த துணி, மெஷினில் பிழிந்து எடுத்த பிறகு எட்டு கிலோவுக்குள் இருக்கும். கையால் பிழிந்ததென்றால் பத்து கிலோவைத் தாண்டும். மின்விசிறியைச் சுமக்கும் தளத்துக்கு இது பொருட்டல்ல. கவலைப்பட வேண்டியது தளத்தைப் பற்றியல்ல, திருகைப் பற்றித்தான். சுவரில் மாட்டும் பொருளின் பாரம் திருகுக்குக் குறுக்கே இறங்கும். சீலிங்கில் மாட்டுவதோ திருகை அதன் துளையிலிருந்து நேராக வெளியே பிடுங்கிக்கொண்டே இருக்கும். கயிற்றை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஏற்படும் வெடுக்கென்ற அதிர்வும் அதன் மேலேதான் விழுகிறது. பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பிளக்குகளை எடுத்து வைத்துவிட்டு, துளைக்குள் விரிந்து இறுகப் பிடிக்கும் எஃகு ஆங்கர் ஃபாஸ்ட்னரை ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போடச் சொல்லுங்கள். மேற்பூச்சு அரை அங்குலம் வரை இருக்கலாம் என்பதால், அதைக் கடந்து கான்கிரீட்டுக்குள் குறைந்தது ஒன்றரை அங்குலமாவது ஃபாஸ்ட்னர் இறங்க வேண்டும். துளையிடும்போது கம்பி தட்டுப்பட்டால் அடம்பிடித்து உள்ளே செலுத்தாமல் ஓர் அங்குலம் தள்ளி வேறு துளை போடுவதே முறை.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். மின்விசிறிப் பெட்டியிலிருந்து சுவருக்குச் செல்லும் மின்குழாய் தளத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். அது எந்தச் சுவரை நோக்கிப் போகிறது என்பதைப் பார்த்து, அந்தப் பாதையை விட்டு விலகித் துளையிட வேண்டும். வேலை நடக்கும்போது அந்த அறையின் மின் இணைப்பை நிறுத்திவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஜிப்சம் பலகையில் எதையும் மாட்டக் கூடாது. பலகையைத் துளைத்து மேலே உள்ள தளத்திலிருந்து கம்பி இறக்கித்தான் மாட்ட வேண்டும்.

இதைப் படிக்கும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக்காரர்கள் யாராவது மெட்ராஸ் டெரஸ் என்ற மரச்சட்டக் கூரை கொண்ட பழைய வீட்டில் இருந்தால், மரச்சட்டங்களுக்கு நடுவே உள்ளது சுண்ணாம்புக் காரையில் பதித்த செங்கல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஃபாஸ்ட்னர் அதில் பிடிக்காது, காரைதான் உதிரும். சட்டத்திலேயே நீண்ட மரத்திருகைச் செலுத்தி மாட்ட வேண்டும், அந்தச் சட்டமும் கரையான் அரிக்காததாக இருக்க வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர் | ஆகஸ்ட் 25

மேலே ஏற்றினால் விரைவாகக் காயுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள் என்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் மெஷின் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,200 சுற்று வேகத்தில் பிழிந்தால், ஐந்து கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று லிட்டர் நீர் மிச்சமிருக்கும். துணி காய்கிறது என்றால் அந்த நீர் முழுவதும் அறையின் காற்றுக்குள் செல்கிறது என்று பொருள். உங்கள் அறை பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு 31 கனமீட்டர். 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மழைநாளில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், அந்த 27 கிராமில் 23 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. எஞ்சியிருப்பது நான்கே கிராம். முழு அறைக்கும் கணக்கிட்டால் சுமார் 125 கிராம், அதாவது ஒரு சிறு தம்ளர் நீர்.

இரண்டரை லிட்டர் நீரை, ஒரு தம்ளர் மட்டுமே கொள்ளும் அறைக்குள் அடைக்கப் பார்க்கிறோம். கதவையும் சன்னலையும் சாத்திவிட்டால், துணியை ஹேங்கரில் போட்டாலும் ஸ்டாண்டில் போட்டாலும் அது காயாது. அறைக்காற்று குறைந்தது இருபது முறை முழுமையாக மாறியாக வேண்டும். காற்று நூறு விழுக்காடு நிரம்பும்வரை துணி ஒரே வேகத்தில் ஈரத்தை விடாது என்பதால், நடைமுறையில் அதைவிடவும் பல மடங்கு தேவைப்படும். சென்ற ஆண்டு உங்கள் பீரோவின் பின்னே பூஞ்சை படர்ந்ததற்குக் காரணம், போக வழியில்லாமல் போன அந்த நீர்தான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே காற்று நகர்வதில்லை, வெளிச்சுவர் மழையில் நனைந்து குளிர்ந்திருக்கும். ஓதம் அங்கேதான் முதலில் தங்கும்.

எனவே ஹேங்கரை வாங்கும்போதே ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றையும் வாங்குங்கள். அது பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி மணிக்கு 250 கனமீட்டர் அளவில் காற்றைத் தள்ளும், உங்கள் அறையை மணிக்கு எட்டு முறை மாற்றும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் காற்று நுழைய ஒரு வழியும் வேண்டும். கதவு திறந்திருக்கலாம், அல்லது கதவுக்கும் தரைக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி இருக்கலாம். நுழைவழி இல்லாத அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் மட்டுமே போடும்.

பிழியும் வேகத்தையும் கவனியுங்கள். 800 சுற்றில் பிழிந்த துணியில் 1,200 சுற்றில் பிழிந்ததைவிட முக்கால் லிட்டர் நீர் கூடுதலாக இருக்கும். அந்த நீரை மெஷினே மூன்று நிமிடத்தில் வெளியேற்றிவிடும். காற்றுக்கோ அது பல மணி நேர வேலை. மழைக்காலத்தில் பட்டு, மெல்லிய துணிகள் நீங்கலாக எல்லாவற்றையும் இரண்டாம் முறை பிழிய வையுங்கள்.

கிளைட் கரையோரம் | ஆகஸ்ட் 25

கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கருவிக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு என்பதால் ஆர்வத்தோடு படித்தேன். நான் குடியிருப்பது டெனிமென்ட் எனப்படும், மணற்கல்லால் கட்டிய பழைய அடுக்குமாடிக் கட்டடம். சமையலறைச் சீலிங்கிலிருந்து வார்ப்பிரும்பால் ஆன இரண்டு சட்டங்களும், அவற்றில் செருகிய நான்கு பைன் மரக்கம்பிகளும் தொங்குகின்றன. ஒற்றை உருளை ஒரு பக்கம், இரட்டை உருளை மறுபக்கம். ஒரே கயிறு இரண்டின் வழியாகவும் ஓடிச் சுவரில் உள்ள கொக்கியில் எட்டு வடிவில் சுற்றப்படுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைப் 'புல்லி' என்றே சொல்கிறார்கள். துணியைப் புல்லியில் போடு என்றால் இங்கே எந்தக் குழந்தைக்கும் புரியும்.

அந்தக் காலத்தில் அது நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் இருந்தது. சமையலறையில் நாள் முழுவதும் கரியடுப்பு எரிந்தது, சூடான காற்று மேலே சென்று துணிகளுக்கிடையே நின்றது, ஈரம் புகைபோக்கி வழியாகவும் சன்னல் இடுக்குகள் வழியாகவும் வெளியேறியது. இன்று புகைபோக்கியை அடைத்துவிட்டார்கள், சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு இடுக்குகளையும் மூடிவிட்டார்கள். புல்லி மட்டும் அப்படியே இருக்கிறது. சனவரி மாதக் காலையில் சன்னல் கண்ணாடியில் முத்துமுத்தாய்ப் பூத்த நீர், கோடாக வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்குவதைத் துடைப்பதே என் முதல் வேலையாக இருந்தது. சட்டத்தின் மூலையில் வண்ணப்பூச்சு ஊதி உரிந்து, அதன் அடியில் மரம் கறுத்திருந்தது. வீட்டுக்குள் சேரும் ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை துணி உலர்த்துவதால் வரக்கூடும் என்று கிளாஸ்கோ கலைப்பள்ளியின் கட்டடவியல் ஆய்வுக்குழு இங்குள்ள வீடுகளை ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் கட்டட விதிக் கையேடு புதிய வீடுகளில் துணி உலர்த்தும் இடத்தைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. உள்ளே உலர்த்துவதானால் வாழும் அறை ஒவ்வொன்றுக்கும் 1.7 மீட்டர் கொடி நீளம் வேண்டும் என்பதோடு, அந்த இடத்தின் ஈரக்காற்று வெளியேற வழியும் வேண்டும் என்கிறது.

நம் ஊரில் வீட்டு வரைபடம் போடும்போது பூசையறைக்கும் ஷூ அலமாரிக்கும் இடம் ஒதுக்குகிறார்கள், ஐந்து பேரின் துணி எங்கே காயும் என்று எவரும் கேட்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

மூன்றாம் தளம் | ஆகஸ்ட் 26

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்ளர்க் கணக்கைப் படித்ததும் என் கணவர் அறையை மறுபடி அளந்து பார்த்தார். உயரம் ஒன்பதே முக்கால் அடிதான் வருகிறது. அறையின் கிழக்குச் சுவரில் ஒரு சன்னலும், அதற்கு மேலே கண்ணாடி பதித்த வென்டிலேட்டரும் இருக்கின்றன. அந்த வென்டிலேட்டரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாம் என்று தோன்றுகிறது. அறையின் நடுவில் 48 அங்குல மின்விசிறி சுற்றுகிறது. ஹேங்கரை அதிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? மாமியார் தினமும் உடுத்துவது ஆறு கெஜம் பருத்திப் புடவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரசமட்டம் | ஆகஸ்ட் 26

48 அங்குல விசிறியின் இறக்கை நுனி, நடுவிலிருந்து இரண்டடியில் முடிகிறது. அந்த நுனியிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளியே முதல் குழாய் இருக்க வேண்டும். காற்றில் பறக்கும் முந்தானையோ துப்பட்டாவோ இறக்கையில் சிக்கினால் விசிறி கொக்கியோடு பெயர்ந்தும் வரலாம். உங்கள் அறையில் சன்னல் சுவரை ஒட்டி மாட்டினால் ஆறு குழாய்களுக்கு இடம் போதாது. நான்கு குழாய்கள் போதும் என்று முடிவெடுங்கள், அல்லது மழைக்காலத்தில் சீலிங் விசிறியை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனைப் பயன்படுத்துங்கள்.

இயற்பியல் ஆசிரியர் | ஆகஸ்ட் 26

டேபிள் ஃபேனே மேல். சீலிங் விசிறி மேலேயிருந்து காற்றை எடுத்துக் கீழே தள்ளுகிறது. சீலிங்கை ஒட்டிய மூலையில் தொங்கும் துணிக்கு அதன் வேகம் அவ்வளவாகக் கிடைக்காது. டேபிள் ஃபேனை அலமாரியின் மேல் வைத்து, துணிகளின் நீளவாக்கில், எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும் திசையை நோக்கி வீசவிடுங்கள். நேருக்கு நேராக வீசினால் முதல் துணி மட்டும் காயும், அதன் பின்னே தொங்குபவை நிழலில் நின்றதைப் போல ஈரமாகவே இருக்கும்.

உப்புக்காற்று | ஆகஸ்ட் 28

பெசன்ட் நகரில் கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக இதே வகை ஹேங்கரைப் பயன்படுத்துகிறேன் என்பதால், வாங்கும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பதினான்காம் மாதத்தில் ஒரு குழாய் விழுந்தது. இரவு பதினோரு மணிக்கு, ஈரமான இரண்டு ஜீன்ஸ் தொங்கிய குழாயின் ஒரு முனை அறுந்து, மகன் அரைமணி நேரம் முன்பு வரை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மேசை மேல் இறங்கியது. அவன் அங்கே இல்லாதது எங்கள் நல்ல காலம். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. உருளையின் பிளாஸ்டிக் சக்கரம் உப்பும் தூசியும் ஏறி இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கயிறு சக்கரத்தோடு உருளாமல் அதன் மேலேயே தேய்ந்து, சக்கரத்தில் ரம்பம் போட்டதைப் போல ஒரு பள்ளத்தை அறுத்திருந்தது. கயிற்றின் மேலுறை அந்த இடத்தில் பஞ்சாகப் பிரிந்து, உள்ளிழைகள் நான்கைந்துதான் அதுவரை பிடித்திருந்தன. விற்றவரிடம் சென்று கேட்டதற்கு, கயிறும் உருளையும் உத்தரவாதத்தில் அடங்காது என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து, உருளைக்குள் பேரிங் இருக்கிறதா என்று கையால் சுழற்றிப் பார்க்காமல் எவரும் வாங்கக் கூடாது என்று சொல்லிவருகிறேன். மாதம் ஒரு முறை எல்லாக் குழாய்களையும் முழுமையாக இறக்கி, கயிறு உருளையைத் தொடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்து சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கயிற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

குழாயைப் பொறுத்தவரை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கேட்டு வாங்குங்கள். அதில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். விலை குறைவான 202 ரகத்தில் நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். கடற்காற்றில் அது பழுப்புப் புள்ளி விட்டு, வெள்ளைச் சட்டையில் கறையை ஏற்றிவிடும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு ரகமுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையை நம்பாதீர்கள். ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

தோ பாயோ | ஆகஸ்ட் 29

சிங்கப்பூரிலிருந்து என் பங்குக்குச் சிறிது. இங்குள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய பழைய அடுக்குமாடிகளில் சமையலறைக்கு வெளியே மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்கள் இருக்கும். துணி கோத்த கழியை, ஈரப் பாரத்தோடு சன்னலுக்கு வெளியே நீட்டிச் செருகுவது வயதானவர்களுக்கு ஆபத்தான வேலை. அதனால் பலர் சமையலறைக்குப் பின்னால் உள்ள சலவை முற்றத்தில் சீலிங் ஹேங்கருக்கு மாறிவிட்டார்கள். ரிமோட்டில் ஏறி இறங்கும் மோட்டார் வகை இங்கே மிகவும் பரவலாக இருக்கிறது. உங்கள் மாமியாருக்குத் தோள் வலி என்பதால் அதைப் பரிசீலிக்கலாம்.

சதுப்புநிலம் | ஆகஸ்ட் 29

பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டில் மோட்டார் வகைதான் இருக்கிறது, மற்ற நாட்களில் அருமையானது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. துண்டுகளும் போர்வைகளும் சீலிங்கை ஒட்டிச் சிக்கிக்கொண்டன. நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாய் உருவ வேண்டியதாயிற்று. துணி காயாத நாளும் மின்சாரம் போகும் நாளும் நம் ஊரில் ஒரே நாளாக அமைந்துவிடுகின்றன. வேளச்சேரிக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையால் இழுக்கும் வகையே நல்லது என்பது என் கருத்து.

வெயில் விரும்பி | ஆகஸ்ட் 30

எல்லாரும் எப்படி மாட்டுவது என்றே பேசுகிறீர்கள். மாட்டலாமா என்பதையும் பேசியாக வேண்டும். என் தந்தைக்கு நெடுநாள் நுரையீரல் நோய் உண்டு. அவர் படுக்கும் அறையில் இரண்டு மழைக்காலங்கள் துணி காயப்போட்டோம், இரண்டு முறையும் இருமல் முற்றியது. துணிதான் காரணம் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஈரமும் பூஞ்சையும் அவருக்கு ஆகாது என்று எச்சரித்தார். ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்ற பூஞ்சை நோய்க்காக மான்செஸ்டரில் உள்ள தேசிய மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் டேவிட் டென்னிங், ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் வீட்டுக்குள் துணி உலர்த்துவதில் கவனமாக இருக்க வேண்டும் என்று பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். படுக்கையறையில் எட்டு மணி நேரம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். உங்கள் மாமியாரோ பிள்ளைகளோ உறங்கும் அறையில் இதைப் பொருத்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் டிரையர் வாங்குங்கள்.

இயற்பியல் ஆசிரியர் | ஆகஸ்ட் 30

நண்பர் வெயில் விரும்பியின் கவலை முழுக்க நியாயமானது. துணியில் வரும் அந்த வாடைக்கு மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிரி முக்கியக் காரணம் என்று சப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டியிருக்கிறார்கள். துவைத்த பிறகும் அது துணியில் தங்கிவிடுகிறது, துணி ஈரமாக இருக்கும் நேரம் நீள நீளப் பெருகுகிறது. ஒரு துணி நான்கைந்து மணி நேரத்தில் உலர்கிறதா, இரவு முழுவதும் ஈரமாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாடை ஏறிவிட்ட பருத்தித் துண்டுகளைத் துணி தாங்கும் அளவுக்குச் சூடான வெந்நீரில் துவைத்தால் பெருமளவு அடங்கும். டிரையர் வாங்க இயலாதவர்களும் இருக்கிறார்கள், வைக்க இடம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஏ.சி. உள்ள அறையில் கதவைச் சாத்தி, ட்ரை முறையில் ஓடவிட்டால் ஈரம் குழாய் வழியாக வெளியே வடிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மின்கட்டணம் கூடும், எக்ஸாஸ்ட் ஃபேனை அப்போது நிறுத்திவிட வேண்டும்.

காவிரிக்கரை | செப்டம்பர் 2

புடவையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். கும்பகோணத்தில் என் பாட்டி வீட்டில், இரண்டாம் கட்டின் உத்திரத்திலிருந்து கயிற்றில் கட்டிய நீண்ட மூங்கில் ஆளுயரத்துக்கு மேலே தொங்கும். மடித்துணியை, அதாவது ஆசாரத்துக்காகத் தீட்டுப்படாமல் காக்கும் துணியை, எவர் கையும் படாமல் மடிக்கோலால் தூக்கி அதில் போடுவார்கள், கோலின் நுனியாலேயே சுருக்கம் நீக்கி விரிப்பார்கள். அந்த ஆசாரத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தொடாமை என்ற எண்ணம் அதற்குள் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முற்றத்துக் காற்று நேராக வந்து சேரும் இடத்தில், புகை படாத உயரத்தில் அந்த மூங்கிலைத் தொங்கவிட்டவர்களுக்குத் துணி உலர்த்தத் தெரிந்திருந்தது.

ஆறு கெஜம் என்றால் பதினெட்டு அடி. ஆறடிக் குழாயில் நீளவாக்கில் போட்டால் மூன்றாக மடித்தால்தான் அடங்கும். மூன்று மடிப்புப் பருத்தி மழைநாளில் உள்ளே காயவே காயாது. அதற்குப் பதிலாக, மூன்று குழாய்களை ஒரே உயரத்துக்கு இறக்குங்கள். புடவையின் அகலம் குழாயின் நீளத்தோடு படியுமாறு வைத்து, முதல் குழாயிலிருந்து மூன்றடி தொங்கவிட்டு, அடுத்த குழாய்க்கு மூன்றடி ஆழத்தில் தொட்டில் போல் இறக்கி ஏற்றி, மூன்றாவதைத் தாண்டி மீதியைத் தொங்கவிடுங்கள். பதினெட்டு அடியும் ஒற்றை மடிப்பாக, கணக்காக அடங்கும். பிறகு மூன்று கயிறுகளையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இழுத்து ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் முழுமையாக ஏற்றினால் புடவை சரிந்துவிடும். ஒன்பதே முக்கால் அடி உயரத்தில் புடவையின் அடிப்பகுதி உங்கள் தலைக்கு மேலேயே நிற்கும்.

மூன்றாம் தளம் | நவம்பர் 19

நீண்ட நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மழை வந்து சோதித்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

வெயில் விரும்பி அவர்களின் வேண்டுகோளை ஏற்று, அந்த அறையில் எவரும் உறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். பிள்ளைகளின் கட்டில் கூடத்தின் ஓரத்துக்கு மாறியது. அந்த அறையில் இப்போது படிப்பு மேசையும் பீரோவும்தான் இருக்கின்றன. பீரோவைச் சுவரிலிருந்து அரையடி முன்னே இழுத்துவிட்டோம், மேசை குழாய்களுக்கு அடியில் வராதவாறு போட்டிருக்கிறோம். குழாய்கள் நான்குதான், 304 ரகம், பில்லில் எழுதி வாங்கினோம். ஃபாஸ்ட்னர் போட வந்தவர் பிளாஸ்டிக் பிளக்கே போதும் என்று வற்புறுத்தினார். ரசமட்டம் ஐயா எழுதியதைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டாவது துளையில் கம்பி தட்டியது, ஓர் அங்குலம் தள்ளிப் போட்டார்.

ஐப்பசி அடைமழையில் இரண்டு முறை சோதித்தோம். சமையலறைத் தராசில் 410 கிராம் இருந்த குளியல் துண்டு, பிழிந்து எடுத்தபோது 650 கிராம் இருந்தது. முதல் நாள் வேண்டுமென்றே கதவைச் சாத்தி, எந்த விசிறியும் இல்லாமல் மேலே ஏற்றினோம். மாலை ஆறு மணிக்கு ஏற்றியது மறுநாள் காலை ஆறு மணிக்கு 520 கிராம் இருந்தது, மடித்துத் தைத்த ஓரத்தை முகர்ந்தால் வாடை தொடங்கியிருந்தது. இரண்டாம் முறை அதே துண்டு, அதே மாலை நேரம். கதவு திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனும் டேபிள் ஃபேனும் ஓட, இரவு பதினொன்றரைக்கு 425 கிராமுக்கு வந்துவிட்டது. கையில் தொட்டால் தையல் ஓரம் மட்டும் சில்லென்றிருந்தது. சீருடைகள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே காய்ந்துவிட்டன.

புடவையைக் காவிரிக்கரை அவர்கள் சொன்ன முறையில்தான் போடுகிறோம். கயிற்றுக் கொக்கிகளைத் தோள் உயரத்தில் வைக்கும் வழக்கத்தை மாற்றி இடுப்பு உயரத்தில் வைத்ததால், மாமியார் கையைத் தூக்காமல் கீழ்நோக்கியே இழுக்கிறார். ஒரு குழாயில் மூன்று துணிக்கு மேல் இருந்தால் அவருக்குக் கனக்கிறது. தமது புடவையை மட்டும் தாமே ஏற்றிக்கொள்கிறார், மற்றவை எங்கள் பொறுப்பு.

உப்புக்காற்று | நவம்பர் 20

மிக்க மகிழ்ச்சி. குழாய்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா? என் சட்டத்தில் நான்கு அங்குலம்தான் இருக்கிறது, அடுத்தடுத்த துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன.

மூன்றாம் தளம் | நவம்பர் 20

சட்டத்தோடு வந்தது ஐந்து அங்குலம். துண்டும் போர்வையும் போடும் நாட்களில் அடுத்தடுத்த குழாய்களை ஒரே உயரத்தில் நிறுத்தாமல், ஒன்றைச் சீலிங்கை ஒட்டியும் மற்றொன்றை ஒன்றரை அடி கீழேயும் நிறுத்துகிறோம். அப்போது மேல்பாதித் துணியாவது ஒன்றையொன்று தொடுவதில்லை, டேபிள் ஃபேனின் காற்றும் நடுவே புகுந்து செல்கிறது. உங்கள் நான்கு அங்குலச் சட்டத்திலும் இது பலிக்கும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்து எழுதுங்கள்.